ரப்பர் பாம்பா, புலிப் பேனரா, காவல் ஆளா? குரங்கின் மூளையைக் கேட்டு முடிவெடுப்போம்

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. இங்கே பாதிப் பேர் லயத்து வீடுகளை விட்டு வந்தவர்கள். பின்பக்கம் ஒரு கால்வாய், அந்தப் பக்கம் செம்பனை, அதற்கும் அப்பால் குன்றுக் காடு. வெயில் ஏறுவதற்குள் கேரா (நீள வால் குரங்கு) கூட்டம் கால்வாயைத் தாண்டி வந்துவிடும். ரம்புத்தான், வாழைத்தார், கோயில் வாசலில் உடைத்த தேங்காய், கூரையில் காயும் வடகம், குப்பைத்தொட்டி, எதுவும் தப்பாது. பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பையைப் பிடுங்குவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

குடியிருப்பாளர் சங்கம் இதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கப் போகிறது. எதில் போடுவது என்பதில்தான் இழுபறி. ரப்பர் பாம்பு வாங்கிச் சுவர் மேல் வைக்கலாம் என்கிறது ஒரு கட்சி. புலி முகத்தைப் பெரிதாக அச்சடித்துப் பேனர் கட்டலாம் என்கிறது இன்னொரு கட்சி. தோட்டத்தில் தண்டலாக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், "பொம்மை கிம்மை எல்லாம் வேலைக்காகாது தம்பி, ஆள் போடணும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். நான் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் சொல்லிக் கொடுப்பவன். "வாத்தியாரே, நீங்க படிச்சவரு, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்த ஒப்பீடு.

சொல்லப்பட்ட யோசனைகள் எல்லாமே குரங்கின் கண்ணை நம்பியவை. அது பார்க்க வேண்டும், பார்த்தது மூளைக்குள் போக வேண்டும், போய் ‘ஆபத்து, கிளம்பு’ என்று மாற வேண்டும். பார்த்தது எந்த வழியாகப் போகிறது, எங்கே போய் அர்த்தம் பெறுகிறது என்று தெரிந்தால், எதற்குக் காசு போடலாம் என்பதும் பாதி தெரிந்துவிடும். நல்ல வேளையாக, பார்வையும் பயமும் சேரும் இடத்தைப் பற்றி அறிவியல் கற்றதில் பெரும்பகுதி மக்காக் இனக் குரங்குகளிடம் கற்றதுதான். நம் கேராவும் ஒரு மக்காக்.

பார்ப்பது வேறு, பயப்படுவது வேறு

1930களின் பிற்பாதியில் ஷிகாகோவில் ஹைன்ரிக் குளூவர், பால் பியூசி என்ற இருவர் ரீசஸ் என்ற மக்காக் குரங்குகளின் மூளையில் காதோரமாக இருக்கும் டெம்போரல் மடல்களை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அதுவரை மனிதரைக் கண்டாலும் பாம்பைக் கண்டாலும் மிரண்ட குரங்குகள், அதன்பிறகு பாம்பைக் கையில் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தன. கண் பார்வையில் குறை இல்லை. பார்த்த பொருளால் தனக்கு என்ன ஆகும் என்பதுதான் அவற்றுக்குப் பிடிபடவில்லை. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு அந்த மடலுக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதியைச் சேர்ந்தது என்று 1956ல் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் காட்டினார்.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை 1961ல் ஜான் டவுனர் செய்தது. குரங்கின் மூளையில் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் உள்ள இணைப்புகளை வெட்டி, ஒவ்வொரு கண்ணும் தன் பக்கத்துப் பாதிக்கு மட்டும் செய்தி அனுப்பும்படி செய்தார். பிறகு ஒரு பக்கத்து அமிக்டலாவை மட்டும் நீக்கினார். அமிக்டலா இல்லாத பக்கத்துக் கண் திறந்திருந்தால், மனிதர் கிட்டே வந்தாலும் குரங்கு சாதுவாக இருந்தது. மறு கண்ணைத் திறந்ததும் அதே குரங்கு அதே மனிதரைப் பார்த்துச் சீறியது. காட்சி அதேதான். அமிக்டலாவுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதுதான் வேறு. இன்று இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம், கிடைக்காமல் இருப்பதும் நல்லதுதான். ஆனால் அன்று கிடைத்த பதில் தெளிவானது.

சரி, கண்ணில் விழுந்தது அமிக்டலாவுக்கு எப்படிப் போகிறது? இங்கேதான் ஆய்வாளர்கள் பல வருடங்களாகச் சண்டை போடுகிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தொழிற்சாலைக்குப் போக லாரி ஓடுகிற செம்மண் ரோடு ஒன்று உண்டு, மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்றும் உண்டு. மூளையிலும் அப்படித்தான் என்பது பிரபலமான விளக்கம். லாரி ரோடு இது: விழித்திரையிலிருந்து மூளையின் நடுவே செய்திச் சந்திப்பாக இருக்கும் தலாமஸ், அங்கிருந்து பின்மண்டையில் உள்ள முதல் பார்வைப் புறணி (புறணி என்றால் மூளையின் மேலடுக்கு), அங்கிருந்து படிப்படியாக முன்னேறி டெம்போரல் மடலின் அடிப்பகுதி. ‘இது பாம்பு, இது கயிறு, இது பக்கத்து வீட்டு அக்கா’ என்று நுணுக்கமாகப் பிரித்தறிவது அங்கேதான். பிறகுதான் அமிக்டலா. ஒற்றையடிப் பாதை வேறு: விழித்திரையிலிருந்து நேராக நடுமூளையில் உள்ள சுப்பீரியர் கொலிகுலஸ், அங்கிருந்து தலாமஸின் பின்பகுதியான புல்வினார், அங்கிருந்து அமிக்டலா. பார்வைப் புறணிப் பக்கமே தலைகாட்டாத வழி. அவசரத்துக்கு ஆகும், ஆனால் கலங்கலான படம்தான் போகும்.

இந்தக் குறுக்குவழிக் கதைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஜோசப் லெடூ. ஆனால் அவர் சோதனை செய்தது எலிகளில், அதுவும் ஒலியை வைத்து. எலியில் ஒலிச்செய்தி தலாமஸ் வழியாகச் சுமார் 12 மில்லிவிநாடியில் அமிக்டலாவைத் தொடுகிறது, புறணி வழியாகச் சுற்றிப்போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. அதையே குரங்கின் கண்ணுக்கும் மனிதன் கண்ணுக்கும் அப்படியே தூக்கி ஒட்டியது பிறகு வந்தவர்கள். ‘பழைய மூளை முதலில் அலறும், புதிய மூளை நிதானமாக யோசிக்கும்’ என்று இன்று யூடியூபில் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது எலியின் காதில் தொடங்கிய கதை என்று தெரியும்?

குறுக்குவழிக்கு ஆதரவு இல்லாமல் இல்லை. 1965ல் பார்வைப் புறணி நீக்கப்பட்ட ஹெலன் என்ற குரங்கோடு நிக்கலஸ் ஹம்ப்ரி பல வருடங்கள் பழகினார். அது தடங்கல்களில் மோதாமல் நடக்கவும், தரையில் சிதறிய சின்னப் பழங்களைப் பொறுக்கவும் கற்றுக்கொண்டது. ஆனால் பொருள்களை அடையாளம் காண அதனால் முடியவில்லை. மனிதரில், பக்கவாதத்தால் இரு பக்கத்துப் பார்வைப் புறணியும் அழிந்துபோன ஒரு நோயாளியை 2005ல் ஆராய்ந்தார்கள். அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இருந்தும், முகம் கோபமா மகிழ்ச்சியா என்று ஊகிக்கச் சொன்னபோது குருட்டாம்போக்கை விட நன்றாகவே சொன்னார். அவருடைய வலது அமிக்டலாவும் வேலை செய்தது. முகபாவம் தவிர மற்றப் படங்களில் அந்த ஊகம் பலிக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், புலிப் பேனர் பேசும்போது தேவைப்படும்.

எதிர்ப்பக்கம் லூயிஸ் பெசோவா, ரால்ஃப் அடால்ஃப்ஸ் இருவரும் 2010ல் எழுதிய கட்டுரை. அவர்கள் சொல்வது சுருக்கமாக இதுதான்: கொலிகுலஸின் மேலடுக்கிலிருந்து வரும் நரம்புகள் பெரும்பாலும் புல்வினாரின் கீழ்ப்பகுதியில் முடிகின்றன, அமிக்டலாவுக்குப் போகும் நரம்புகளோ அதன் நடுப்புறப் பகுதியிலிருந்து கிளம்புகின்றன. எனவே பாதை அவ்வளவு நேராக இல்லை. தவிர, பெரிய ரோடு ஒன்றும் மெதுவானதும் இல்லை. டெம்போரல் மடலின் செல்கள் படம் தெரிந்து சுமார் 100 மில்லிவிநாடியில் பதில் சொல்கின்றன, குரங்கு அமிக்டலாவின் செல்கள் பெரும்பாலும் அதற்கும் பிறகுதான். அப்படியானால் குறுக்குவழி எதை முந்துகிறது? இரண்டே வழிகள் என்பதை விட, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பல வழிகள் என்பதே சரி என்கிறார்கள் அவர்கள்.

2024ல் இன்னும் ஒரு அடி விழுந்தது. மக்காக் குரங்கின் கொலிகுலஸ் செல்கள் முகங்களுக்கு மிக விரைவாகவே தனி வரவேற்பு கொடுக்கின்றன என்று கண்ட குழு, பார்வைப் புறணிக்குப் போகும் தலாமஸ் வாசலைத் தற்காலிகமாக மூடிப் பார்த்தது. முகத்துக்கான அந்த வரவேற்பு காணாமல் போனது. அதாவது ஒற்றையடிப் பாதை என்று நினைத்த இடமே லாரி ரோட்டிலிருந்துதான் சரக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2016ல், மனிதரின் அமிக்டலாவில் நேரடியாக மின்முனை வைத்து அளந்தபோது, பயந்த முகங்களுக்கு மட்டும், அதுவும் கலங்கலான படங்களுக்கு, 74 மில்லிவிநாடியிலேயே அதில் செயல்பாடு தெரிந்தது. ஆகவே வழக்கு முடியவில்லை.

என் கணிப்பு, குறுக்குவழி ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. ஆனால் அது செய்வது முதல் துள்ளலை மட்டும். குரங்கு திரும்பி வருமா, வராதா என்பதைத் தீர்மானிப்பது புறணியும், அமிக்டலா கற்று வைத்திருக்கும் கணக்கும். நம் சங்கம் வாங்க வேண்டியது துள்ளலா, வராமையா? இதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

ரப்பர் பாம்பு

மூளை ஆராய்ச்சியின் ஆதரவு அதிகம் இருப்பது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். குரங்கினங்களின் கூர்மையான பார்வை வளர்ந்ததற்குப் பாம்பு ஒரு முக்கியக் காரணம் என்று 2006ல் லின் இஸ்பெல் ஒரு கொள்கையை முன்வைத்தார். 2013ல் அவரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து, பாம்பை நேரில் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் வளர்ந்த 2 ஜப்பானிய மக்காக் குரங்குகளின் புல்வினாரை அளந்தார்கள். பாம்பு, குரங்கு முகம், கை, வெறும் வடிவங்கள் ஆகிய படங்களில் பாம்புக்குத்தான் செல்கள் அதிகமாகவும் சீக்கிரமாகவும் துடித்தன. அடுத்த ஆண்டே இன்னொன்றையும் கண்டார்கள்: சும்மா கிடக்கும் பாம்பை விட, கொத்தத் தயாராக நிற்கும் பாம்புக்குத் துடிப்பு கூடுதல். கடையில் வாங்கும்போது சுருண்டு கிடப்பதை விட்டுவிட்டு, தலை தூக்கியதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

முழுப் பாம்பும் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகள், ஓரங்குலம் பாம்புத் தோல் மட்டும் வெளியே தெரிந்தாலும் கண்டுபிடிக்கின்றன என்று 2017ல் காட்டப்பட்டது. செதில் வேலைப்பாடுதான் துப்பு. ஆக, வழுவழுப்பான பச்சை ரப்பர் குழாய் மாதிரி ஒன்றை வாங்கி வந்து ‘பாம்பு’ என்று வைத்தால் நம் காசுக்குத்தான் நஷ்டம்.

நம் ஊர்க் குரங்குகளுக்குப் பாம்பு வெறும் புத்தக அறிவு இல்லை. செம்பனையில் எலி இருக்கிறது, எலி இருக்கிற இடத்தில் மலைப்பாம்பும் நாகமும் இருக்கும். கூட்டத்தில் பெரியவை எல்லாம் நேரில் பட்டவை.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஏன் தயங்குகிறேன்? சூசன் மினெக்காவின் ஆய்வுகளால். 1980களில் அவரும் மைக்கேல் குக்கும், ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் காட்டினால் பெரிதாகப் பயப்படவில்லை என்று கண்டார்கள். ஆனால் காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதை ஒருமுறை பார்த்துவிட்டால், இவையும் பயப்படக் கற்றுக்கொண்டன. பூவைப் பார்த்து அலறுவது போல் வீடியோவை வெட்டி ஒட்டிக் காட்டினால், பூவுக்குப் பயப்படவில்லை. ஆக மூளை பாம்புக்காகத் தயாராக இருக்கிறது, ஆனால் அந்தத் தயார்நிலை பயமாக மாறுவது மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான்.

நமக்கு முக்கியமானது 1986ல் வந்த அவர்களின் இன்னொரு கட்டுரை. பாம்புக்குப் பயப்படாத ஒரு குரங்கை முதலில் பார்த்துப் பழகியவை, பிறகு அலறுகிற குரங்கைக் காட்டினாலும் அவ்வளவாகப் பயம் கற்கவில்லை. தடுப்பூசி போட்ட மாதிரி என்று அவர்களே சொன்னார்கள். இதை நம் சுவர் மேல் வைத்துப் பாருங்கள். ரப்பர் பாம்பை ஒரே இடத்தில் விட்டுவிட்டால், ஒருநாள் இல்லை ஒருநாள் ஒரு பெரிய ஆண் கேரா அதைத் தூக்கிக் கால்வாயில் எறியும். குட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு நாம் தோற்பது ஒரு பொம்மையை மட்டும் இல்லை, கூட்டத்தின் அடுத்த தலைமுறையையே.

தவிர, அமிக்டலாவுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். பயந்த முகங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினால் மனித அமிக்டலாவின் பதில் விரைவாகத் தணிந்துபோவதை 1996லேயே மூளைப் படம் எடுத்துக் காட்டினார்கள். விளைவு எதுவும் வராத காட்சிக்கு எவ்வளவு நாள்தான் பயப்படுவது?

எனவே பாம்பு வேண்டும் என்றால், எப்போதாவது, இடம் மாற்றி, புல்லில் பாதி மறைத்து வைக்க வேண்டும். குரங்கு தொடுவதற்குள் எடுத்துவிடவும் ஓர் ஆள் வேண்டும்.

புலிப் பேனரும் கண்களும்

பேனர் கட்சிக்காரர்கள் டில்லியைக் காட்டுகிறார்கள். 2023ல் ஜி20 மாநாட்டின்போது ரீசஸ் குரங்குகளை விரட்ட அங்கே லங்கூர் குரங்கின் ஆளுயரக் கட்-அவுட்களை வைத்தது உண்மைதான். ஆனால் கூடவே லங்கூர் மாதிரி குரல் கொடுக்க ஆட்களையும் நிறுத்தினார்கள், அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் லோத்தோங் என்ற லங்கூரும் கேராவும் ஒரே காட்டில் இருக்கின்றன, அதன் படத்தை வைத்து யாரை மிரட்டுவது?

புலி விஷயத்தில் இன்னொரு சிக்கல். தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி காட்டில் உள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. நம் கால்வாய்க் கூட்டத்தில் புலியைக் கண்ட கேரா ஒன்றாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்திராத வேட்டை மிருகத்துக்குப் பயம் வருமா என்றால், வரலாம். தென்னிந்தியக் காடுகளில் ரிச்சர்ட் காஸும் உமா ராமகிருஷ்ணனும் குல்லாய்க் குரங்குகளுக்குச் சிறுத்தைப் பொம்மை காட்டினார்கள். 2000ல் வெளிவந்த அந்த ஆய்வில், கருஞ்சிறுத்தைப் பொம்மையை விடப் புள்ளி போட்ட பொம்மைக்குத்தான் குரங்குகள் மிரண்டன. அந்தப் புள்ளிக் கோலம் மூளையில் ஆழமாகப் பதிந்தது என்று தெரிகிறது. அப்படிப் பார்த்தால் புலியை விடச் சிறுத்தைப் புள்ளியே சரியான தேர்வு, ஆனால் சங்கத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்கவில்லை. புலி என்றால் கெத்து, நாட்டுச் சின்னத்திலும் இருக்கிறது.

கண்கள் என்றால் கொஞ்சம் நியாயம் உண்டு. மக்காக் குரங்குகளுக்கு நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. எதிரில் இருக்கும் குரங்கின் கண்ணைப் பார்க்கும்போது மட்டும் துடிக்கும் செல்கள் அமிக்டலாவில் இருக்கின்றன என்று 2014ல் கேட்டலின் கோத்தார்டின் குழு கண்டது. மேலே சொன்ன பார்வையற்ற நோயாளிக்கும் முகபாவம் ஒன்றுதான் பிடிபட்டது. ஆனால் அவை எல்லாம் தன் இனத்து முகங்கள். புலி முகத்துக்கும் அதே சலுகை கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அச்சடித்தே தீருவோம் என்றால் ஒன்று சொல்கிறேன். 2003ல் மனிதரிடம் செய்த ஆய்வில், பயந்த முகத்தின் மங்கலான, பெரிய வடிவங்கள் மட்டும் உள்ள படமே அமிக்டலாவையும் புல்வினாரையும் கிளப்பியது. மயிர்க்கோடு வரை தெரிகிற படம் அங்கே பெரிதாக வேலை செய்யவில்லை. ஆக, மீசை முடி வரை தெரியும் விலை உயர்ந்த அச்சு குரங்குக்கு வீண். சுவரில் தார் பூசிய இரண்டு பெரிய வட்டங்கள் போதும்.

அப்புறம், அசைவு. 2021ல் டேவிட் பிட்சரும் லெஸ்லி அங்கர்லைடரும், பார்வைப் புறணியில் ‘என்ன’ என்பதற்கும் ‘எங்கே’ என்பதற்கும் உள்ள வழிகளுக்கு அப்பால் மூன்றாவதாக ஒன்று உண்டு என்றார்கள். முகமும் உடம்பும் எப்படி அசைகின்றன என்பதைப் படிக்கிற வழி அது. அடுத்தவன் என்ன செய்யப் போகிறான் என்பது அங்கேதான் தெரிகிறது. பேனர் காற்றில் ஆடும், ஆனால் எந்த மிருகமும் அப்படி ஆடாது. இதே காரணத்தால் பழைய சட்டை மாட்டிய வைக்கோல் பொம்மையைப் பற்றி நான் எழுதவே இல்லை. அது காக்காய்க்கே பத்தாது.

ஆளும் லாஸ்டிக் கவணும்

தண்டல் அண்ணன் மூளை ஆராய்ச்சி எதுவும் படித்ததில்லை. ஆனாலும் ஆதாரங்கள் அவர் பக்கம்தான் சாய்கின்றன. 2006ல் டோரிஸ் ட்சாவும் அவர் குழுவும் மக்காக் மூளையின் டெம்போரல் மடலில் ஒரு சிறு பகுதியை அளந்தபோது, அங்கே பார்வைக்குப் பதில் சொன்ன செல்களில் 97 சதவீதம் முகங்களுக்கானவை. முகத்துக்கென்றே இப்படித் தனி இடம் ஒதுக்கியிருக்கும் மூளை, ‘இந்த ஆள் விரட்டுவான், அந்த அம்மா பிஸ்கட் போடுவார்’ என்று பிரித்து வைத்துக்கொள்ளாதா? டவுனரின் குரங்கு சீறியதும் மனிதரைப் பார்த்துத்தான். மனித முகம், அசைவு, நேர்ப்பார்வை, கற்ற அனுபவம், இத்தனை வழிகளையும் ஒரே நேரத்தில் தட்டக்கூடிய ‘பொம்மை’ மனிதன் ஒருவன்தான். அவனுக்கு மட்டும்தான் குரங்கு அலுத்துப்போவதற்குள் ஆட்டத்தை மாற்றத் தெரியும்.

குறை என்ன? சம்பளம். நாள் முழுக்க ஆள் போட நம் சங்கத்துக்குக் கட்டாது. ஆனால் நாள் முழுக்கத் தேவையும் இல்லை. கூட்டம் கால்வாயைத் தாண்டுகிற காலை நேரம் மட்டும், சில வாரங்களுக்குத் தொடர்ந்து, அதே ஆள், அதே தொப்பி. நேராக நடந்து வர வேண்டும், பார்வையை விலக்கக் கூடாது, பெரிய ஆண் கேராவுக்கு ரொம்பக் கிட்டேயும் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முறைக்காதே, பல்லைக் காட்டாதே, பையை விட்டுவிட்டு நட. பல்லைக் காட்டுவது மக்காக் மொழியில் பெரும்பாலும் பயத்தின் அடையாளம். பயந்த சின்ன உருவம், கையில் பை. குரங்குக்கு வேறென்ன வேண்டும்?

லாஸ்டிக், பட்டாசு, விஷம் என்று பேசுபவர்களுக்கு ஒரே பதில். கேரா 2010 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. உலக அளவில் 2022 முதல் அழிவாபத்தில் உள்ள இனமாகவும் பட்டியலிடப்பட்டிருக்கிறது. நிலைமை கைமீறினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குப் புகார் கொடுப்பதுதான் வழி, நாமே எதையும் அடிக்க முடியாது.

தோட்டத்துப் பக்கம் தெரிகிற எல்லாவற்றையும் விரட்டுவதும் புத்தியில்லை. குட்டை வால் பெரூக் வேறு, நீள வால் கேரா வேறு. இதே பேராக்கில், செகாரி காட்டை ஒட்டிய செம்பனையில் பெரூக் கூட்டங்களைக் கவனித்த யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு கூட்டம் வருடத்துக்கு 3,000க்கும் மேற்பட்ட எலிகளைத் தின்கிறது என்று 2019ல் கணக்குக் காட்டினார்கள். அது தோட்டத்துக்கு உபகாரி, அதன் மேல் கை வைக்க வேண்டாம்.

யாரும் முன்மொழியாத தேர்வு

அமிக்டலாவைப் பயத்தின் பெட்டி என்று மட்டும் நினைத்தால் பாதியைத் தவறவிடுவோம். 2006ல் டேனியல் சால்ஸ்மனின் குழு மக்காக் குரங்குகளுக்கு அர்த்தமில்லாத வண்ணப் படங்களைக் காட்டியது. ஒரு படத்துக்குப் பிறகு சாறு கிடைக்கும், இன்னொன்றுக்குப் பிறகு முகத்தில் காற்று பீச்சும். அமிக்டலாவில் சில செல்கள் நல்லதுக்கும் சில கெட்டதுக்கும் துடித்தன. பிறகு படங்களை மாற்றிப் போட்டார்கள், சாறு வந்த படத்துக்குக் காற்று. செல்களும் சீக்கிரமே கணக்கை மாற்றிக்கொண்டன.

நம் தாமானில் குரங்குக்குச் சாறு வருகிற படம் எது? கட்டு அவிழ்ந்த பிளாஸ்டிக் பை, மூடியில்லாத குப்பைத்தொட்டி, கோயில் வாசலில் உருண்டு கிடக்கும் தேங்காய் மூடி. நாம் பாம்பும் புலியும் வைத்துக் கெட்ட பக்கத்து எடையை ஏற்றப் பார்க்கிறோம். நல்ல பக்கத்து எடை இறங்காமல் இருக்கும்வரை தராசு நம் பக்கம் சாயாது. பசித்த குரங்கு ஒரு துள்ளல் துள்ளிவிட்டுத் திரும்பி வரத்தான் செய்யும். பிளாஸ்டிக் பைக்குள் நாலு தடவை ஒன்றும் இல்லை என்றால், அந்தப் படத்தின் மதிப்பும் அதன் தலைக்குள் இறங்கும். இறங்க நாளாகும்தான். இடையில் ஒரு வீட்டில் தொட்டி திறந்து கிடந்தால் மறுபடி முதலிலிருந்து. எப்போதாவது கிடைக்கிற பரிசுதான் விடாப்பிடியான பழக்கத்தை வளர்க்கும். பிஸ்கட் போடுகிற அக்காவிடம் இதைப் பக்குவமாக யாராவது சொன்னால் நல்லது, நான் சொன்னால் வாத்தியார் பாடம் எடுக்கிறார் என்பார்.

எனவே கூட்டத்தில் என் ஓட்டு இப்படி. பணத்தில் பெரிய பங்கு கொக்கி போட்ட மூடியுள்ள தொட்டிகளுக்கு, கோயிலுக்கு ஒன்று கட்டாயம். அடுத்தது காலைக் காவல், அதற்குத் தண்டல் அண்ணனே சம்மதித்தால் சிறப்பு, அவர் நடையைக் கண்டால் எங்களுக்கே இன்னும் கொஞ்சம் பயம். மிச்சமிருந்தால் தலை தூக்கிய, செதில் போட்ட ரப்பர் பாம்பு ஒன்றே ஒன்று, அவர் பொறுப்பில், அவர் நினைத்த நாளில் மட்டும் வெளியே வரட்டும். பேனருக்கு என் கை எழாது. புலியே வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால், தார் வாளியும் தூரிகையும் நான் கொண்டு வருகிறேன், அச்சுக்கூலியாவது மிச்சம்.

ராத்திரியில் அந்தப் பாம்பை யார் வீட்டில் வைப்பது என்பதை மட்டும் கூட்டத்தில் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கேட்டுப் பார்த்தேன். பொம்மை என்று தெரிந்தும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.